அந்தப் பெட்டி உங்கள் மின்கட்டணத்தைக் குறைக்காது

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை மின்கட்டணத்தைப் பற்றியவையாகவே இருக்கும். வீடுகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் மின்தணிக்கை செய்வது என் தொழில் என்பதால் அவற்றைப் பொறுமையாகக் கேட்கப் பழகியிருக்கிறேன். ஆனால் வேளச்சேரியில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தம்பதியின் வீட்டில், செருகினாலே மின்கட்டணம் குறையும் என்று சொல்லி விற்கப்படும் ‘மின்சேமிப்பு’ப் பெட்டிகள் இரண்டு, கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக, பச்சை விளக்குடன் செருகப்பட்டிருந்ததையும், அதே சுவரில் ஏ.சி.க்கான பவர் பாயிண்ட் கருகிப்போயிருந்ததையும் பார்த்த பிறகு, இதை எழுதாமல் விடுவது சரியாகாது என்று பட்டது. பெட்டிகளுக்குக் கொடுத்த பணத்தில் அந்தப் பாயிண்டுக்குப் புதிய கம்பியே இழுத்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். கணக்கில் எளிதாக ஏமாறக்கூடியவர் அல்லர். “ஆம்பியர் குறைவதை என் கண் முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டினார்களே, தம்பி” என்றார். இந்த விற்பனையின் சாமர்த்தியம் முழுவதும் அந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது. கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அவர் பார்த்த எண் உண்மையானது. அதிலிருந்து அவருக்குச் சொல்லப்பட்ட முடிவுதான் பொய்.

மின்விசிறி, தண்ணீர் மோட்டார், பழைய குளிர்பதனப் பெட்டி போன்று மோட்டார் வைத்த எந்தப் பொருளும், வேலை செய்வதற்கான மின்னோட்டத்துடன், தன் காந்தப்புலத்தை உண்டாக்குவதற்காக இன்னொரு பங்கு மின்னோட்டத்தையும் இழுக்கிறது. அந்த இரண்டாவது பங்கு கம்பி வழியே வந்து, அப்படியே திரும்பிப் போகிறதே தவிர, எந்த வேலையையும் செய்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் என்ற மின்தேக்கி அந்தப் பங்கைத் தானே கொடுத்து வாங்கிக்கொள்வதால், வெளியிலிருந்து வரும் கம்பியில் ஆம்பியர் குறைகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும் ஒரு மோட்டாரின் திறன்காரணி, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.7 என்றால், அது செலவழிப்பது 966 வாட். கெப்பாசிட்டரைப் போட்டுத் திறன்காரணியை 0.95-க்கு உயர்த்தினால் ஆம்பியர் ஏறத்தாழ 4.4-க்கு இறங்கும், ஆனால் வாட் அதே 966 தான். உங்கள் வீட்டு மீட்டர் ஆம்பியரைக் கூட்டிக் கணக்கு எழுதுவதில்லை. அது கிலோவாட் மணியை எண்ணுகிறது, அதைத்தான் நாம் யூனிட் என்கிறோம். வாட் மாறாதபோது யூனிட் மாறாது, யூனிட் மாறாதபோது கட்டணம் மாறாது. பொறியியல் படித்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

“அம்பத்தூரில் எங்கள் மைத்துனரின் கம்பெனியில் இதே கெப்பாசிட்டர் வைத்துப் பில் குறைந்ததே” என்று உடனே ஒரு கேள்வி வரும். குறைந்திருக்கும், அதில் எனக்கு ஐயமில்லை. உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு யூனிட்டோடு சேர்த்து உச்சத் தேவைக்கும், வேலை செய்யாத அந்தப் பங்கையும் சேர்த்து அளக்கும் கேவிஏ கணக்கில் வசூலிக்கிறார்கள், திறன்காரணி குறைந்தால் அபராதமும் உண்டு. அங்கே கெப்பாசிட்டர் பேனல் கட்டாயத் தேவை, நானே பல இடங்களில் பரிந்துரைக்கிறேன். வீட்டு இணைப்புக்கு அந்த அபராதமும் இல்லை, கேவிஏ கணக்கும் இல்லை. பெட்டியை விற்பவர் தொழிற்சாலையின் உண்மையை எடுத்து வந்து வீட்டுக் கூடத்தில் கடை விரிக்கிறார், அவ்வளவுதான்.

என் பேச்சையும் நம்ப வேண்டாம், உங்கள் மீட்டரையே கேளுங்கள். அதன் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் தண்ணீர் ஹீட்டர் ஒன்றை மட்டும் போட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 முறை சிமிட்ட வேண்டும். மின்னழுத்தம் முன்பின்னாக இருந்தால் சற்றுக் கூடும், சற்றுக் குறையும். ஆனால் 53-க்குப் பதில் 80 வந்தால், மீட்டர் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறது என்ற புகாரில் பொருள் உண்டு, பிரிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம். (இப்படிச் சோதித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு மீட்டரின் மீதிருந்த சந்தேகம் அன்றே தீர்ந்துவிடுகிறது.) அடுத்ததாக மோட்டாரை ஓட விட்டு, பத்துச் சிமிட்டலுக்கு ஆகும் நொடிகளைக் குறித்துக்கொண்டு, பெட்டியைச் செருகி மறுபடியும் குறியுங்கள். நொடிகள் கூடியிருக்காது. பெட்டியின் பச்சை விளக்கு எரியும் செலவு வேண்டுமானால் கூடியிருக்கலாம்.

அப்படியானால் கட்டணம் ஏன் திடீரென்று ஏறுகிறது? இதற்கான விடை பலருடைய வீட்டில் 500 என்ற எண்ணில் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீதங்களை வைத்துக் கணக்கிடுகிறேன். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30 என்று 1,805 ரூபாய் வருகிறது. 501-ஆவது யூனிட்டைத் தொட்டதும் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை நீங்கி, 101 முதல் 400 வரை முழுவதுமே 4.70 ஆகிவிடுகிறது, புதிய யூனிட்டின் விலையோ 8.40. ஆக, ஒரே ஒரு யூனிட் கூடியதற்காகக் கட்டணம் 2,048 ரூபாய்க்குத் தாவுகிறது. 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய். போன முறையைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாகப் பயன்படுத்தினேன், கட்டணம் ஏன் பாதிக்கு மேல் ஏறியது என்று கேட்பவர்களுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டினால் போதும். மின்வாரியத்தின் மீது எத்தனையோ குறைகள் சொல்லலாம், ஆனால் இது ஒளித்து வைக்கப்பட்ட கணக்கு அன்று. மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வைப்பவர்கள், 500-ஐத் தாண்டப்போகிறோமா என்பதை முன்கூட்டியே அறிந்துவிடுகிறார்கள்.

ஒரே வீட்டுக்குள் இரண்டாவது சர்வீஸ் வாங்கி யூனிட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தனிச் சமையலறையும் தனி வாசலுமாக உண்மையிலேயே பிரிந்த பகுதிக்குத்தான் தனி இணைப்பு.

யூனிட்டைக் குறைக்கும் இடம் எது என்று என்னைக் கேட்டால், பலர் எதிர்பார்ப்பது போல ஏ.சி.யை முதலில் சொல்ல மாட்டேன், மின்விசிறியைச் சொல்வேன். பழைய வகை விசிறி முழு வேகத்தில் 75 வாட் வரை எடுக்கும். தூரிகையற்ற மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் போதும். சென்னை வீட்டில் விசிறி ஓடாத நேரம் எது? நான்கு விசிறிகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில், ஒவ்வொன்றிலும் 45 வாட் மிச்சமானால், நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 162 யூனிட். 600 யூனிட் வீட்டை 500-க்குக் கீழே கொண்டுவர இது ஒன்றே போதும். அதற்காகச் செய்த செலவும் சில பில்களில் திரும்பிவிடும்.

ஏ.சி.யைப் பொறுத்தவரை, அதன் நட்சத்திர வில்லையில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், கீழே எழுதியிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணையும் பாருங்கள். அது 1600 மணி நேரப் பயன்பாட்டுக்கானது. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். வில்லையில் உள்ளதைவிடச் சென்னையின் மே மாதம் கூடுதலாகவே இழுக்கும். 24 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. பதினெட்டில் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவே. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் வெளிப்புற யூனிட்டின் தகடுகளை உப்பு அரித்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அரித்துப்போன தகடுகளோடு ஐந்து நட்சத்திர ஏ.சி.யும் நட்சத்திரமே இல்லாததைப் போலத்தான் மின்சாரம் குடிக்கும்.

தொட்டி நிரம்பி வழியும்வரை ஓடும் மோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அணையாத செட்டாப் பாக்ஸும் அப்படியே. பத்து வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு சோலாருக்கு வாருங்கள். அதற்கு முன் வேண்டாம், ஏனெனில் வீணாகும் யூனிட்டுக்கும் சேர்த்துப் பலகை வாங்க நேரும். சென்னையில் ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் விற்பவர்கள் வாய் திறந்து சொல்லாத ஒன்று உண்டு: மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, மின்வெட்டின்போது நண்பகல் வெயிலிலும் தானாக நின்றுவிடும். அது பழுதன்று. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் பணியாளரின் உயிரைக் காப்பதற்காக அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வெட்டு நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்றபடி ஏறும். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஒருபோதும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரின் மொட்டை மாடிகளை என்ன செய்தது என்பது நினைவிருக்கட்டும்.

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் நம் வீட்டு ஏ.சி.கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓடுவது இரவில். சூரிய ஒளி இருப்பது பகலில். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கம் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. இந்த இடைவெளியை நிரப்பத்தான், மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டங்கள், நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் போன்றவை தேவைப்படுகின்றன. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கும் பகலில் குறைந்த விலை, உச்ச நேரத்தில் கூடுதல் விலை என்ற முறையை முன்வைக்கிறது. அது எப்போது நம் வீட்டுக்கு வந்தாலும், துணி துவைக்கும் எந்திரத்தையும் தண்ணீர் மோட்டாரையும் முற்பகலுக்கு மாற்றிப் பழகியிருப்பவர்களுக்குச் சிரமம் இருக்காது. மாடியில் சோலார் உள்ளவர்களுக்கு இப்போதே அது நல்ல பழக்கம்.

வரப்போகும் பெரிய சுமை மின்வாகனம். ஸ்கூட்டர் ஒரு பொருட்டன்று. ஒரு முழு சார்ஜுக்கு மூன்று, நான்கு யூனிட். கார் அப்படியல்ல. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 150 யூனிட், அதாவது ஒரு பில்லுக்கு 300. ஏற்கெனவே 500 யூனிட்டில் நிற்கும் வீடு 800-க்குப் போகும், கட்டணம் 1,805-லிருந்து 4,770 ரூபாய் ஆகும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கான பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான். ஆனால் பில்லைப் பார்த்து மீட்டர் ஓடுகிறது என்று என்னை அழைக்காதீர்கள்.

என் கவலை கட்டணத்தைவிடக் கம்பியின் மீதே அதிகம். நங்கநல்லூரிலும் மயிலாப்பூரிலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு விசிறிக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் இழுத்த கம்பியில், இன்றைக்கு இரண்டு ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாம் தொங்குகின்றன. பளு மிஞ்சினால் தானே அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் போட வைக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எம்.சி.பி. விழுவது கம்பியைக் காப்பாற்றத்தான். அதைப் பெரிதாக்கினால் அடுத்து விழ வேண்டியது எம்.சி.பி. அன்று, கம்பியின் உறை. ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனித்தனியே மெயின் சுவிட்ச் பலகையிலிருந்து வரட்டும். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்கட்டும். நீளக்கம்பிப் பெட்டியில் ஸ்கூட்டரைச் செருகி விட்டுவிட்டு இரவில் உறங்கச் செல்லாதீர்கள்.

இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று ரசீதில் பாருங்கள். நான்கு கிலோவாட்டைத் தாண்டும் வீட்டுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை ஏ.சி. வாங்கிய பிறகு ஏப்ரலில் கொடுப்பவர்களே அதிகம். அப்போது தெரு மின்மாற்றியில் இடமில்லை என்ற பதிலும் காத்திருப்பும்தான் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் யார் யாருக்கு எவ்வளவு கூடுதல் பளு வேண்டும் என்று சங்கத்தில் பேசி, எல்லோருடைய தேவையையும் ஒரே மனுவாக எழுதி, பொங்கல் முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள்.