உப்பு லாரியைத் தின்பது எது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முத்தையாபுரம் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை உப்பளம்தான். வெள்ளை அம்பாரங்களுக்கு நடுவே நிற்கும் டிப்பர் ஒன்றைக் குனிந்து பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் சேஸிலிருந்து துரு அடை அடையாக உரிந்து தொங்கும். கேட்டால், "உப்புக் காத்துல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். காற்றின் மேல் பழியைப் போடுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த லாரியை எப்படிக் கழுவுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

துருப்பிடிப்பது ஒரு குட்டி பேட்டரி ஓடுவது மாதிரி. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. வேறோர் இடத்தில் அந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. எலெக்ட்ரான் போக இரும்பே கம்பியாகிவிடும். ஆனால் சுற்று முழுமையாக, மேலே இருக்கும் நீர்ப்படலத்தில் அயனிகளும், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களும், நகர வேண்டும். மழைத்தண்ணீரில் அயனி குறைவு என்பதால் பேட்டரி மந்தமாக ஓடும். உப்பு கரைந்தால் வேகம் பிடிக்கும். போதாததற்கு, இரும்பின் மேல் தானாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைடு அரித்துவிடும்.

அப்படியானால் லாரி காய்ந்து நின்றால் ஆபத்தில்லை அல்லவா? அங்கேதான் உப்பு ஏமாற்றுகிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருக்கும். பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீர் கசப்பது அதனால்தான். மெக்னீசியம் குளோரைடு நீரை இழுக்க வெறும் 33 சதவீத ஈரப்பதமே போதும். கடற்கரையில் அதற்கும் கீழே ஈரப்பதம் இறங்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, ஒரு சொட்டு மழை இல்லாமலே, ஷெட்டில் நிற்கும் லாரியின் அடிப்பாகம் இரவெல்லாம் நனைந்தே இருக்கிறது. அதுவும் மெல்லிய படலமாக. தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதைவிட இது மோசம். படலம் மெல்லியதாக இருந்தால் ஆக்சிஜன் இரும்பை எட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லையே.

அப்புறம் சேறு. கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்பவர் செய்துகாட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் வைத்தால் துளியின் ஓரம் அரிக்காது, நடுவில்தான் அரிக்கும். ஓரத்தில் ஆக்சிஜன் நிறைய, நடுவில் குறைவு. ஆக்சிஜன் கிடைக்கும் ஓரம் எலெக்ட்ரானை வாங்கும் பக்கமாகவும், கிடைக்காத நடு கரையும் பக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. மட்கார்டுக்குள் அப்பியிருக்கும் உப்புச்சேற்றுக் கட்டிக்கு அடியிலும், பட்டை ஸ்பிரிங்கின் இலைகளுக்கு நடுவிலும், இரட்டைத் தகடு வைத்து ரிவெட் அடித்த சேஸ் இடுக்கிலும் நடப்பது இதேதான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் இரும்பு உள்ளே பொரிந்துகொண்டிருக்கும். துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துக்கூட விடும்.

சரி, கழுவுவோம். ஆனால் எதை? வாட்டர் சர்வீஸில் கேபினுக்கும் முகப்புக்கும் ஷாம்பு போட்டு, அடியில் பேருக்கு ஒரு சுற்று பீய்ச்சினால், காய்ந்து கிடந்த உப்பைக் கரைத்து இடுக்குக்குள் அனுப்பியதுதான் மிச்சம். அரைகுறையாகக் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம் என்று சில சமயம் தோன்றும்.

வெந்நீர் உதவுமா என்றால், கிரீஸுக்கு உதவும், உப்புக்கு அவ்வளவாக இல்லை. 100 மில்லி குளிர்ந்த நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கும் நீரில் 39 கிராம்தான். சோப்பும் உப்பைக் கரைப்பதில்லை. உப்பின் மேல் படிந்த எண்ணெயை விலக்கி வழிவிடுகிறது, அவ்வளவே. உப்பைப் போக்குவது நிறைய நல்ல தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும்தான். முதலில் குறைந்த அழுத்தத்தில் நனைத்துச் சேற்றை ஊறவிட வேண்டும். பிறகு கீழிருந்து மேல்நோக்கி இடுக்குகளில் பீய்ச்ச வேண்டும். பாடியிலும் சேஸிலும் உள்ள வடிதுளைகள் அடைத்திருந்தால் குத்தித் திறக்க வேண்டும். அதற்காகப் பிரஷரை வீல் பேரிங்கின் ஆயில் சீலுக்கும் ஒயர் சாக்கெட்டுகளுக்கும் நேராகப் பிடித்தால், உப்புநீரை நாமே உள்ளே ஊசி போட்ட மாதிரி ஆகும். கழுவி முடித்ததும் நிப்பிள்களில் புது கிரீஸ் அடித்தால் உள்ளே புகுந்த நீரும் பழைய கிரீஸோடு பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கழுவியதும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. டீசலில் ரப்பர் புஷ் உப்பிப்போகும், பிசுக்கில் புழுதி அப்பும். அடியில் உப்பு மிச்சமிருந்தால் அதற்கும் சேர்த்து மூடி போட்டாயிற்று.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கடம், போர் தண்ணீரே உப்பாக இருப்பது. அதில் எத்தனை முறை கழுவி என்ன? கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்கு ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரே போதும். அது அளப்பது நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைத்தான், அதாவது துரு பேட்டரிக்கு வேண்டிய அதே குணத்தை. அலச எடுத்த தண்ணீரை ஒரு டம்ளரிலும், சேஸ் இடுக்கிலிருந்து கடைசியாகச் சொட்டுவதை இன்னொரு டம்ளரிலும் பிடித்து மீட்டரை முக்கிப் பாருங்கள். இரண்டாவதில் எண் அதிகமாகக் காட்டினால் ஓஸை இன்னும் சுருட்ட வேண்டாம்.