எர்த்திங்னா தரையிறக்கம் இல்லீங்க

டெல்டான்னா மூணு ஃபேஸையும் முக்கோணமா இணைச்ச சப்ளை. அதுல அன்கிரவுண்டட், அதாவது மண்ணோட சேர்க்காத பழைய வகையைப் பத்தித் தமிழ்ல எதை எடுத்தாலும் "தரையிறக்கப்படாத டெல்டா"ன்னு எழுதியிருக்கு. தரையிறக்கம்னா விமானம் எறங்குறது, டெல்டா என்ன ஓடுபாதைக்கு மேல வட்டமா அடிச்சிட்டிருக்கு? இன்னொருத்தர் "அடிப்படையற்ற அமைப்பு"ன்னே போட்டுட்டார், அது வதந்திக்குச் சொல்றதுய்யா.

எர்த்துங்கிற பேரோட பொறப்பைச் சட்டுனு சொல்லிடறேன். பிரிட்டிஷ்காரங்க எர்த்ம்பாங்க, அமெரிக்காவுல கிரவுண்ட்ம்பாங்க, ரெண்டும் மண்ணுதான். 1838ல ஸ்டைன்ஹைல்னு ஒரு ஜெர்மன்காரர், தந்திக்கு ரெண்டாவது கம்பி வேணாம், கரண்ட் திரும்பி வர மண்ணே போதும்னு காட்டினார். திரும்பி வர்றதுங்கிறதைக் கவனிங்க, சண்டையே அங்கதான்.

'இறக்கம்'னு சொன்னதும் கரண்ட் மண்ணுக்குள்ள எறங்கிக் காணாமப் போயிடும்னு ஒரு நெனப்பு வந்துடுது. போகாது, கெளம்பின டிரான்ஸ்ஃபார்மருக்கே வந்தாகணும். மோட்டாரோட இரும்புப் பாடிக்குத் தனியா ஒரு எர்த் ராடை மட்டும் மண்ணுல அடிச்சு விட்டு, மண்ணு வழியா திரும்புற அந்தப் பாதை மொத்தமா 20 ஓம்னு வைங்க, 240 வோல்ட் பாடியில பட்டா ஓடுறது 12 ஆம்பியர்தான், 32 ஆம்பியர் பிரேக்கர் அசையவே அசையாது, பாடி லைவாவே நிக்கும். ராடு அடிச்சாச்சு, 'தரையிறக்கியாச்சு'ன்னு நம்பிப் போய் தொடுறவன்தான் மாட்டுவான்.

எர்த்தே பண்ணாத பழைய டெல்டா வேற கதை. ஒரு ஃபால்ட்டுக்கு வேலை நிக்கக் கூடாதுன்னு வேணும்னேதான் அப்படி விட்டாங்க. ஒரு ஃபேஸ் பாடியைத் தொட்டாலும் திரும்ப வழி சரியா இல்லாததால எதுவும் டிரிப் ஆகாது, ஆனா 415 வோல்ட் லைன்ல மத்த ரெண்டு ஃபேஸும் மண்ணுக்கு 240ல இருந்து 415க்கு ஏறிடும். பேனல்ல ஃபேஸுக்கு ஒண்ணா மண்ணோட கட்டியிருக்கிற மூணு லாம்ப்ல ஒண்ணு மங்கும், ரெண்டு பளிச்சுனு எரியும், எச்சரிக்கை அவ்ளோதான், அதையும் யாராவது பார்த்தாத்தான் உண்டு. விட்டு விட்டு பொறி பறக்கிற ஃபால்ட்னா வோல்டேஜ் இன்னும் பல மடங்கு எகிறி, சம்பந்தமே இல்லாத வேற மோட்டாரோட வைண்டிங்கைக் காலி பண்ணும். இன்னொரு ஃபேஸும் வேற எடத்துல மண்ணைத் தொட்டுட்டா நேரா ஷார்ட்தான்.

அதனால என் ஓட்டு 'புவித்தொடுப்பு'க்கு. தொடுப்புன்னா ரெண்டைச் சேர்க்கிறது, நடக்கிறதும் அதான். 'புவி' பெருசா இருக்குன்னா நிலத்தொடுப்புன்னு வெச்சுக்கங்க, சண்டை இல்ல. பேனல்ல மட்டும் எர்த்னே எழுதுங்க, அவசரத்துல படிக்கிறவனுக்கு அதான் புரியும்.

இதைவிட எரிச்சல், கார்னர் எர்த் டெல்டாவுல, அதாவது முக்கோணத்தோட ஒரு மூலையை மட்டும் மண்ணோட கட்டின சப்ளையில, அந்த மூலை ஃபேஸை "நடுநிலைக் கம்பி"ன்னு மொழிபெயர்க்கிறது. அந்த சப்ளையில நியூட்ரலே கெடையாது சார்! அந்தக் கம்பியில டெஸ்டர் எரியாதுதான், ஆனா அதை நியூட்ரல்னு நெனச்சு மத்த ஃபேஸ் ஒண்ணோட சேர்த்து 240 வோல்ட் லைட்டை மாட்டினா முழு 415ம் லைட்டு மேலதான் வரும். 'மூலை தொடுத்த டெல்டா'ன்னு எழுதிட்டு, ஃபேஸை ஃபேஸ்னே விட்டிருக்கலாம்.