குழாயில் தொலையும் ஈரம்

ஐப்பசி மழையில் கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளானாலும் காயாத ஊர் கடலூர். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமாவுக்கு, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகக் கண்டறிந்து, மருத்துவர் சிபாப் (CPAP) கருவி எழுதிக்கொடுத்தார்; குழாயும் முகமூடியும் வழியாக மூக்குக்குள் காற்றை அழுத்தும் கருவி அது. அதோடு, அந்தக் காற்றுக்கு ஈரமேற்ற ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. "காற்றே சொதசொதவென்று இருக்கிறது, எனக்கு எதற்கு இன்னும் ஈரம்?" என்று மாமா தொட்டியைக் காலியாகவே விட்டுவிட்டார். பத்தே நாளில் மூக்கு கல்லாய் அடைத்துக்கொண்டது.

மாமா கணக்கில் விட்டது படுக்கையறை ஏசியை. வெளியே 28 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். ஏசி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளிக்குழாயில் சொட்டவிடுகிறது. 24 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடாக இறங்கிவிட்டால் மிஞ்சுவது சுமார் 11 கிராம்தான், பாதி. நுரையீரலுக்கோ 37 டிகிரியில், கன மீட்டருக்கு 44 கிராம் ஈரத்தோடு காற்று வேண்டும். இடைவெளியை நிரப்பும் வேலையில் பெரும்பங்கு மூக்கினுடையது.

சாதாரண மூச்சில் மூக்கு இதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடுகிறது. உள்ளே போகும் காற்றுக்குக் கொடுத்த வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு பங்கை, வெளியேறும் மூச்சிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கல் ஓரளவு நேராகிவிடும். சிபாப்பில் இந்தக் கணக்கு கெடுகிறது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட இந்த முறை, தொண்டை ஒட்டிக்கொள்ளாதபடி தொடர்ந்து காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். உறக்கத்தில் வாய் திறந்துகொண்டால், மூக்கு வழியாக நுழைந்த காற்று வாய் வழியாக ஓடிவிடும். மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்ப எதுவும் வருவதில்லை. உலர்ந்து எரிச்சலடையும் சவ்வுக்குள் இரத்தம் பாய்ந்து, மூக்கின் பக்கச்சுவர்களில் உள்ள சுருள் மேடுகள் வீங்குகின்றன. அடைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் சளியல்ல, இந்த வீக்கம்தான். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். வாய் திறந்தால் மூக்கு இன்னும் வறளும். மாமா பத்து நாள் மாட்டிக்கொண்டிருந்தது இந்தச் செக்கில்தான்.

சரி, தொட்டியில் நீர் ஊற்றிச் சூட்டைக் கூட்டினார். இரண்டு இரவு நிம்மதி. மூன்றாம் இரவு குழாயில் குடகுடவென்று சத்தம், முகத்தில் தண்ணீர்!

சில்வர் பீச்சில் வாங்கும் குளிர்ந்த சோடா பாட்டில் ஏன் வெளியே வியர்க்கிறது? ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடுகிறது, அவ்வளவுதான். சிபாப் குழாயில் இதுவே தலைகீழாக நடக்கிறது: வெளியே ஏசிக் குளிர், உள்ளே ஈரக்காற்று, குழாய் உள்பக்கம் வியர்க்கிறது. தொட்டியிலிருந்து 30 டிகிரியில் முழு ஈரத்தோடு புறப்படும் காற்றில் கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி இருக்கும். ஆறடிக் குழாயில் அது அறையின் 24 டிகிரிக்கு ஆறிவிட்டால் 22 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 8 கிராம் நீராய் இறங்கும். முகமூடித் துளைகள் வழியாக நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று போகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் 14 கன மீட்டர், ஒவ்வொன்றிலும் 8 கிராம். அரை டம்ளர் தண்ணீருக்குக் குறையாது. எல்லாக் காற்றும் அப்படி முழுதாக ஆறிவிடாது என்றாலும், தூக்கத்தைக் கெடுக்க அதில் கால்வாசியே போதும்.

இதற்கென்றே சூடாகும் குழாய் என்று ஒன்று உண்டு, அதன் வேலை இங்கேதான். அதன் சுவருக்குள் சுருளாக ஓடும் மெல்லிய கம்பி இதமாகச் சூடாகிறது. முகமூடி முனையில் உள்ள உணரி வெப்பத்தைப் பார்த்துக் கருவிக்குச் சொல்கிறது. காற்று வழியில் ஆறுவதில்லை, ஏற்றிய ஈரம் மூக்கு வரை போய்ச் சேர்கிறது. சூடான காற்று அடைப்பை உருக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. காலித் தொட்டியோடு குழாயை மட்டும் சூடாக்கினால், ஈரம் ஒரு கிராம்கூடக் கூடாது. குழாய் ஈரத்தை உண்டாக்குவதில்லை, வழியில் தொலையாமல் காக்கிறது.

குழாய்க்குத் துணி உறை போட்டுப் போர்வைக்குள் விட்டாலும், ஏசியை இரண்டு டிகிரி கூட்டினாலும் ஓரளவு பயன் உண்டு. கருவி தலைக்குக் கீழான உயரத்தில் இருந்தால், தேங்கும் நீர் முகத்துக்கு வராது. ஒவ்வாமையாலோ, மூக்குத்தண்டு வளைந்திருப்பதாலோ வரும் அடைப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே நல்லது. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் சில வாரத்தில் அடியில் வெள்ளைப் படலம் ஏறிவிடும்.

இன்னொன்று, கடலூரைத் தாக்கிய 'தானே' புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்காக. மின்சாரம் போய்க் கருவி பேட்டரியில் ஓடினால், முதலில் நிறுத்த வேண்டியவை தொட்டிச் சூடும் குழாய்ச் சூடும்தான். காற்றை ஊதும் மோட்டாரைவிட அவைதான் அதிகம் இழுக்கும். அந்த இரவில் ஏசியும் ஓடாது, மழைக்காற்று முழு ஈரத்தோடு அறைக்குள் இருக்கும். அன்றைக்கு மட்டும் மாமா சொன்னதில் பாதி நியாயம்.