பந்தின் பள்ளங்களும் குன்றுமுனையின் காற்றும்

நிலாவெளிக்கு விடுமுறைக்கு வந்திருந்த வாசகர் ஒருவர், சீனக்குடாவில் விமானப்படையின் பராமரிப்பிலுள்ள கோல்ஃப் திடலில் முதன்முறையாக மட்டை பிடித்துவிட்டு மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். பந்து வழவழப்பாக இல்லாமல் மேலெல்லாம் பள்ளம் பள்ளமாக இருப்பது ஏன்? எதிர்காற்றில் அடித்த பந்து முன்னே போகாமல் உயரே எழும்பி, பாதி வழியில் விழுந்துவிடுவது ஏன்? வெளிநாடுகளில் கடலைப் பார்த்தபடி செங்குத்துக் குன்றுகளின் மேல் அமைந்த திடல்களில் காற்றின் விளையாட்டு இன்னும் கடுமையாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா? மூன்றையும் ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம். ஓடும் காற்று ஒரு பரப்பை எந்த இடத்தில் விட்டுப் பிரிகிறது என்பதே அது.

பந்தின் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1848ஆம் ஆண்டளவில் மலாயாக் காடுகளின் மரப்பாலில் இருந்து கிடைத்த கட்டாபெர்ச்சாவில் பந்து செய்யத் தொடங்கினார்கள். புதிதாக, வழவழப்பாக இருந்தபோது மோசமாகப் பறந்த பந்துகள், அடிபட்டு வடுப்பட்ட பிறகு நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். பின்னர் சுத்தியலால் தாங்களே வடு உண்டாக்கினார்கள். வட்டப் பள்ளங்களுக்கான காப்புரிமையை இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் 1905இல் பெற்றார். இன்றைய விதிகளின்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, திணிவு 45.93 கிராமை மிஞ்சக்கூடாது. பெரும்பாலான பந்துகளில் 300 முதல் 500 வரை பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்தான்.

அந்தக் கால் மில்லிமீட்டர் செய்கிற வேலையை நிதானமாகப் பார்ப்போம். பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டிய காற்று, உராய்வினால் வேகம் இழந்து, மிக மெல்லிய எல்லைப் படலமாக அதன்மேல் படிந்து ஓடுகிறது. பந்தின் முன்புறத்தில் இந்தப் படலத்துக்குச் சிரமமில்லை. அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவதால் அது தள்ளிவிடப்படுகிறது. பந்தின் அகன்ற இடுப்பை நெருங்கும்போதே நிலைமை தலைகீழாகிறது. இப்போது அது கூடிக்கொண்டே போகும் அமுக்கத்தை எதிர்த்து ஓடவேண்டும். ஏற்கெனவே களைத்துப்போன படலம் சற்றுத் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது, பின்னோக்கித் திரும்புகிறது, பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. வழவழப்பான பந்தில், முன்நுனியிலிருந்து ஏறத்தாழ 80 பாகையில், இடுப்புக்குச் சற்று முன்பாகவே, இது நிகழ்கிறது. அதற்குப் பின்னால், பந்தின் முழு அகலத்துக்கும், சுழல்கள் நிறைந்த அமுக்கம் குறைந்த ஒரு வால் உண்டாகிறது. முன்னால் கூடிய அமுக்கமும் பின்னால் குறைந்த அமுக்கமும் சேர்ந்து பந்தைப் பின்னிழுக்கின்றன. தடை என்பது பெரும்பாலும் இந்த இழுப்புத்தான்.

பள்ளங்கள் எல்லைப் படலத்தின் ஒழுங்கைக் குலைக்கின்றன. உயர்தரப் பௌதிகவியலில் படித்த கொந்தளிப்புப் பாய்ச்சல் அங்கே தோன்றி, வெளியே வேகமாக ஓடும் காற்றைச் சுருட்டிப் பரப்பின் அருகே கொண்டுவந்து கலக்கிறது. தேர்வடம் பிடித்துக் களைத்தவர்களுக்கு நடுவே புதிதாக வந்தவர்கள் புகுந்து கைகொடுப்பதைப் போல, இந்தப் புதுக் காற்றின் உந்தம் படலத்தை மேலும் சிறிது தூரம் ஓடவைக்கிறது. பிரியும் இடம் 120 பாகையை அண்டிய பின்புறத்துக்குத் தள்ளிப்போகிறது, வால் குறுகுகிறது, தடை ஏறத்தாழப் பாதியாகிறது. உராய்வு சற்றுக் கூடுவது உண்மைதான், ஆனால் மிச்சமாகும் தடையோடு ஒப்பிட்டால் அது அற்பம். கரடுமுரடு தடையைக் கூட்டும் என்று நம் பொது அறிவு அடித்துச் சொல்லும் இடத்தில், அது தடையைக் குறைப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இதே அளவுள்ள வழவழப்பான பந்தும் போதிய வேகத்தில் போனால் அதன் படலம் தானாகவே கொந்தளிக்கும். ஆனால் அதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகம் வேண்டும். தேர்ந்த தொழில்முறை வீரர் அடிக்கும் பந்தே 75 மீட்டர் அளவில்தான் புறப்படுகிறது. பள்ளமுள்ள பந்துக்கோ 20 மீட்டருக்கும் குறைந்த வேகம் போதும், ஆகவே சாதாரண ஆட்டக்காரருக்கும் இந்தச் சலுகை கிடைத்துவிடுகிறது.

இதன் காரணம் தெரியவந்த கதையில் கோல்ஃபுக்குப் பங்கே இல்லை. கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஐஃபெல், முதுமையில் தன் சொந்தப் பணத்தில் காற்றுச் சுரங்கம் அமைத்து, 1912இல் கோளங்களின் தடையை அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிடைத்த அளவில் பாதிக்கும் குறைவாகவே அவருக்குக் கிடைத்தது. ஐஃபெல் கணக்கில் இரண்டால் பெருக்க மறந்திருப்பார் என்றுகூட அங்கே ஐயப்பட்டார்கள். 1914இல் அதே கோட்டிங்கனின் ஆய்வாளர் லுட்விக் பிராண்டில், கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றி, படலத்தை வேண்டுமென்றே கொந்தளிக்கவைத்து, தடை சரிவதைக் காட்டினார். இரு தரப்பு அளவுகளும் சரியானவையே; படலத்தின் நிலைதான் வேறாக இருந்தது. உருண்டையின்மேல் கம்பி சுற்றிப் பார்க்கப் பணம் கேட்டு இன்று ஒருவர் விண்ணப்பித்தால், 'எதிர்பார்க்கப்படும் பொருளாதாரப் பயன்' என்ற கட்டத்தில் என்னத்தை எழுதுவார்? ஆராய்ச்சிக்குச் சொற்பமாகவே ஒதுக்கும் நம் நாட்டில், அந்தச் சொற்பத்தில் ஒரு பகுதியையேனும் பயன் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்காற்றில் பந்து எழும்புவதற்குச் சுழற்சியே காரணம். சாய்ந்த முகமுள்ள மட்டை, பந்துக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான பின்சுழற்சிகளைக் கொடுக்கிறது. பந்தின் மேற்புறம் காற்றோடு சேர்ந்து நகர்வதால் அங்கே படலம் தாமதமாகவும், கீழ்ப்புறம் காற்றை எதிர்த்து நகர்வதால் அங்கே முன்னதாகவும் பிரிகின்றன. வால் கீழ்நோக்கிச் சாய்கிறது; காற்றைக் கீழே தள்ளிய பந்து மேலே தள்ளப்படுகிறது. பின்சுழற்சியே பந்தை நெடுநேரம் தாங்குகிறது என்பதை எடின்பரோவின் பீட்டர் டெயிட் 1890களிலேயே நிறுவினார். தூக்குவிசையும் தடையும் காற்றுக்குச் சார்பான வேகத்தின் வர்க்கத்தோடு கூடுபவை. செக்கனுக்கு 60 மீட்டரில் போகும் பந்து 10 மீட்டர் எதிர்காற்றைச் சந்தித்தால், இரண்டும் மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூடிவிடும். பந்து மேலே ஏறி, வேகமிழந்து, செங்குத்தாக விழுவது அதனால்தான். பலமாக அடித்து ஈடுசெய்ய முயன்றால் சுழற்சியும் கூடி நிலைமை மோசமாகும். சாய்வு குறைந்த மட்டையை எடுத்து மெதுவாக அடிப்பதே வழி. கலிபோர்னியாவின் பெபிள் பீச் திடலில், கடல்முனையில் உள்ள ஏழாவது குழிக்கு அடிக்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 100 மீட்டர்தான். ஆனால் காற்று எழும் நாளில் தேர்ந்தவர்களும் அங்கே நெடுந்தூர மட்டைகளைத் தேடுகிறார்கள்.

குன்றின் விளிம்புக்கு வருவோம். கடற்காற்று பாறை முகத்தில் மோதி மேலேறி, விளிம்பில் வேகம் கூடுகிறது. கூரிய விளிம்பில் அதனால் திரும்ப முடிவதில்லை. கொந்தளிப்பு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை; பிரியும் இடத்தை மூலையே தீர்மானித்துவிடுகிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே, தரையை ஒட்டி, மெதுவாகச் சுழலும் ஒரு காற்றுப் பை உருவாகிறது. குழியில் நட்ட கொடி அந்தப் பைக்குள் துவண்டு தொங்கும்போது, சில மீட்டர் உயரத்தில் பலத்த காற்று ஓடிக்கொண்டிருக்கும். கொடியைப் பார்த்து மட்டையைத் தேர்ந்தவரின் பந்து, உயரே சென்றதும் வேறொரு காற்றில் மாட்டிக்கொள்கிறது. காற்று கடலிலிருந்து வீசும் வாடைக்காலத்தில், திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தின் பின்புறம், சுவாமி மலையின் விளிம்புச் சுவரருகே இதைக் காணலாம்: கையிலிருந்து நழுவிய திருநீற்றுப் பொட்டலத் தாள் கடலுக்குப் போகாமல், முகத்துக்கு நேரே மேலேறிப் பின்னால் போய் விழும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு ஓடுவதால், சுழல் பாறையின் கடற்பக்கத்துக்கு இடம் மாறும்.

கடலோரத் திடல்களில் உருளும் பந்தைக் கடல் தன் பக்கம் இழுக்கும் என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களிடையே பரவலாக உண்டு. கடலின் ஈர்ப்புக்கு அதில் எந்த வேலையும் இல்லை. மழைநீர் வடிவதற்காக நிலம் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. எதிரே விரியும் பரப்பில் கண் அந்தச் சரிவைக் குறைத்து மதிப்பிடுகிறது. ஈரக் காற்று கனமானது, அதனால் பந்து தூரம் போகாது என்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. நீர் மூலக்கூறு நைதரசனையும் ஒட்சிசனையும்விட இலேசானது; ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் ஈரக் காற்றுக்கே அடர்த்தி குறைவு. வித்தியாசம் சிறிதுதான். பெரிய வித்தியாசம் வேண்டுமானால் 1889இல் தொடங்கிய நுவரெலியாத் திடலுக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், குளிரையும் கணக்கில் சேர்த்தால், அங்கே காற்றின் அடர்த்தி திருகோணமலையைவிட ஏழிலொரு பங்கு குறைவு. அதே அடியில் பந்து கூடுதல் தூரம் போகும். ஆனால் தூக்குவிசையும் அதே விகிதத்தில் குறைவதால், அந்தக் கூடுதல் ஏழிலொரு பங்கை எட்டுவதில்லை.