பெட்ரோல் பங்க் கடையில் என்ன வாங்கிச் சாப்பிடலாம்?

நாளில் பாதியைச் சாலையிலேயே கழிக்கும் ஓட்டுநர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஆலோசனைக்கு வரும்போது, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். "பங்க் கடையில கிடைக்கிறதுதாங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள், திட்டு விழும் என்ற பயத்தோடு. "வெளியில் சாப்பிடாதீர்கள், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்" என்று எழுதிக் கொடுப்பது ஊட்டச்சத்து ஆலோசகரான எனக்குச் சுலபம்தான். நடு இரவில் பசியோடு வண்டியை நிறுத்துகிறவருக்கு அதனால் என்ன பயன்? அப்போது திறந்திருப்பது அந்த ஒரு கடைதான். அதற்குள் எதை எடுப்பது என்று சொன்னால்தான் அவருக்கு உதவும்.

நான் முதலில் தேடச் சொல்வது புரதத்தை. கலோரிக் கணக்கு அப்புறம். சிப்ஸ், பிஸ்கட், கிரீம் பன் எல்லாமே பெரும்பாலும் மாவும் எண்ணெயும்தான், கூடவே உப்போ சர்க்கரையோ இருக்கும். சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சீக்கிரமே மறுபடி பசிக்கும், அடுத்த பங்கில் இன்னொரு பாக்கெட் வாங்க வேண்டி வரும். புரதமும் நார்ச்சத்தும் உள்ள சாப்பாடு வயிற்றில் நின்று தாங்கும். இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி உப்பில்லாத வேர்க்கடலை என்று எடுத்தால் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கிறது. கலோரி 400-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது போதும். முட்டை சாப்பிடாதவர்கள் இனிப்பு சேர்க்காத தயிரும் கொட்டைகளும் எடுக்கலாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் முழுக் கொட்டைகளைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இவை பெரும்பாலும் வாசலில் இருக்காது. பில் போடும் இடத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கியிருப்பவை மிட்டாயும் சாக்லேட்டும்தான். பசியோடு வரிசையில் நிற்கிறவர் கை தானாக அங்கே போகும் என்று தெரிந்தே வைக்கிறார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் நேராகப் பின்பக்க ஃபிரிட்ஜுக்குப் போங்கள்.

குளிர்பானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை 10.6 கிராம் என்று போட்டிருக்கும், பரவாயில்லையே என்று தோன்றும். மேலே சிறிய எழுத்தில் '100 மி.லி. அளவில்' என்று இருக்கும். கையில் இருப்பதோ 500 மி.லி. பாட்டில். ஐந்தால் பெருக்கினால் 53 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆக, ஒரே பாட்டிலில் அந்த நாளின் வரம்பு தாண்டிவிட்டது. 'நூறு சதவீதம் பழச்சாறு' என்று எழுதியிருந்தாலும் சர்க்கரை அளவு பெரிதாகக் குறையாது. தாகத்துக்குத் தண்ணீர்தான்.

உப்புக்கும் இதே மாதிரி திருப்பிப் பாருங்கள். லேபிளில் சோடியம் என்று இருக்கும். நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கப் நூடுல்ஸ் பலவற்றில் ஒரு கப்பிலேயே 1000-ஐத் தாண்டிவிடுகிறது. வேறு வழியில்லை என்றால் மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

சூடான பண்டங்களை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிவதால் மட்டும் உள்ளே இருப்பது சூடாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். "இதை எப்போது வைத்தீர்கள்?" என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். கையில் வாங்கும்போது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். சான்ட்விச்சைத் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், தேதியையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள் குளிரூட்டிய இறைச்சி சான்ட்விச்சைத் தவிர்ப்பதே சரி. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், அது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்.

தூக்கம் வருகிறதென்று எனர்ஜி டிரிங்க் வாங்குகிறார்கள். 250 மி.லி. கேனில் பொதுவாக 80 மில்லிகிராம் கஃபீனும், சர்க்கரை போட்ட வகையில் ஆறு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை போடாத காபியே போதும். அதைக் குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள், விழிக்கும்போது கஃபீன் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அதற்குப் பிறகும் கண் சொக்கினால் ஓட்டாதீர்கள்.

நான் இதுவரை சொன்னதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள், கை நடுங்கி வியர்த்தால் முதலில் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் அந்த நேரத்துக்கு மருந்தே அந்தக் குளிர்பானம்தான். 150 மி.லி. அளவுக்குச் சாதாரண குளிர்பானமோ பழச்சாறோ குடியுங்கள். டயட் வகை உதவாது. சாக்லேட்டும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரமாவது வண்டியை எடுக்காதீர்கள்.