சொல் விளக்கம்: மிலிட்டரி சர்ப்ளஸ்

காட்டில் தங்குவது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘ராணுவக் கழிவுப் பை’, ‘ராணுவக் கழிவுக் கம்பளி’ என்று படித்துப் படித்துச் சலித்துவிட்டது. படை தன் தேவைக்கு மிஞ்சியது என்று வெளியே விற்றுவிடும் பொருளை ஆங்கிலத்தில் மிலிட்டரி சர்ப்ளஸ் என்பார்கள். அதற்குத்தான் இந்த மொழிபெயர்ப்பு. இதைப் படிக்கிறவருக்கு அந்தக் கம்பளியைத் தொடவே மனம் வராது.

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், ‘ப்ளூஸ்’ என்றால் அதிகம். இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தேவைக்கு மேல் இருப்பது, அவ்வளவுதான்.

ஆக, இந்தச் சொல் பொருளின் நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வைத்திருப்பவரின் தேவையைப் பற்றியே பேசுகிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944-இல், இத்தகைய சொத்துகளை விற்றுத் தீர்க்க அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஒரு துறையின் தேவைக்கு மிஞ்சியது என்று முடிவானதே அங்கே சர்ப்ளஸ். பெட்டி பிரிக்காததா, பழசா என்பது கேள்வியே இல்லை. பிரிட்டனில் அரசு உடைமை என்பதற்கு அம்புக்குறி ஒன்றைப் பொறிப்பார்கள். விற்கும்போது அதன் முனையைத் தொடும்படி எதிர்த்திசையில் இன்னோர் அம்பு. படையின் கணக்கிலிருந்து போய்விட்டது என்று பொருள், குப்பை என்று அல்ல.

‘கழிவு’க்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். கழி என்றால் கணக்கில் கழிப்பதுதானே, வணிகத்தில் தள்ளுபடியையும் கழிவு என்போமே, பிறகென்ன தவறு என்கிறார்கள். அகராதியில் சரி. காதில்? கழிவுநீர், கழிவறை, மருத்துவக் கழிவு, அணுக்கழிவு என்று கேட்டுப் பழகிய காதில் ‘ராணுவக் கழிவு’ எப்படி விழும்? ஒரு சொல் இன்று என்னவாகப் புழங்குகிறதோ அதுதான் அதன் பொருள். வேரைக் காட்டி வாசகரின் காதைத் திருத்த முடியாது.

இன்னொன்று, ராணுவக் கழிவு என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் நச்சுவாயு முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. அதை மாட்டிக்கொண்டு மூச்சு விடவே கூடாது. போர் நடந்த மண்ணில் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள் இருக்கின்றன. இவற்றைச் சொல்ல அந்தச் சொல் நமக்கு வேண்டும். நல்ல கம்பளிக்கும் அதையே ஒட்டிவிட்டால் ஆபத்தானதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அமெரிக்கப் படையின் தண்ணீர்க் குடுவையைப் பாருங்கள். குடுவையின் அடிப்பாகம் ஓர் எஃகுக் குவளைக்குள் கச்சிதமாக உட்காரும். இரண்டும் ஒரே உறைக்குள் போகும். குவளையின் மடக்குக் கைப்பிடியை விரித்து நேராகத் தணலில் வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பல வருடம் புழங்கிய குவளையின் அடி கரியேறி இருக்கும், வேலையில் குறை இருக்காது. கம்பளியும் அப்படித்தான். தீப்பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டையாகும். கம்பளி பொட்டாகக் கருகுவதோடு நின்றுவிடும். இதையெல்லாம் கழிவு என்று எழுத எப்படிக் கை வருகிறது?

சரி, மாற்று என்ன? ‘உபரி’ பலருக்கும் பழகிய சொல். வடமொழியில் அதற்கும் மேல் என்றே பொருள், மூலத்துக்கு நெருக்கம்தான். வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ள மாட்டேன், ஆனால் உபரி நீர், பட்ஜெட் உபரி என்று அளவையும் கணக்கையும் சொல்லியே அது பழகிவிட்டது. கையில் எடுத்துப் பார்க்கும் பைக்கும் பாத்திரத்துக்கும் ஒட்ட மறுக்கிறது. ‘எச்சம்’ என்றால் இன்று பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு ‘படைமிகை’. மிகு என்ற வினையிலிருந்து வந்த மிகையில் பழுது என்ற சாயலே இப்போது இல்லை. படைமிகைப் பை, படைமிகைக் கம்பளி என்று ஒட்டிச் சொல்லவும் வாய்க்கு வருகிறது. படைவீரர் கைக்குப் போய்த் திரும்பியதைப் ‘புழங்கிய படைமிகை’ என்றும், கிடங்கிலிருந்தே வெளிவந்ததைப் ‘புழங்காத படைமிகை’ என்றும் பிரிக்கலாம். வாங்குபவர் முதலில் கேட்பதே இதைத்தான்.

அப்புறம், ‘ராணுவத் தரம்’ என்பதையும் இதோடு குழப்புகிறார்கள். படையின் கிடங்கை எட்டிக்கூடப் பார்க்காத, சந்தைக்காகவே தைத்த பச்சைப் பைக்கு விளம்பரக்காரர் கொடுக்கும் பட்டம் அது. அதைப் படைமிகை என்று மொழிபெயர்ப்பவர் வாசகரின் பணத்தோடு விளையாடுகிறார். அந்தப் பைக்கு ‘ராணுவப் பாணி’ என்று எழுதினால் போதும்.