மஞ்சள் காலனியை உடனே நம்பிவிடாதீர்கள்: பச்சைப்பாசியின் மாவுச்சத்து மரபணுக்கள்

அயோடின் படிகங்களைப் போட்ட மூடியின் மேல் அகார் தட்டைக் கவிழ்த்து வைத்தால், அயோடின் ஆவி மாவுச்சத்தைக் கறுக்கச் செய்வதால், சில நிமிடங்களில் பச்சைப்பாசிக் காலனிகள் ஒவ்வொன்றாகக் கறுக்கத் தொடங்கும். நூற்றுக்கணக்கான கரும்புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளாகவே நிற்கும். அதைக் காணும்போது வரும் பரபரப்பு, இத்தனை ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த பிறகும் எனக்குக் குறையவில்லை. அந்தக் காலனி மாவுச்சத்தைச் சேர்க்க முடியாத பாசியாக இருக்கலாம். ஆனால், அப்படி இல்லாமலும் போகலாம். இந்த இரண்டாவது வாய்ப்பைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பாசி மரபியலுக்குள் புதிதாக நுழைகிற மாணவர்களும், பாசியில் முதலீடு செய்ய நினைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் பெரும்பாலும் வளர்ப்பது கிளாமிடோமோனாஸ் ரைன்ஹார்ட்டி என்னும் ஒற்றைச் செல் பச்சைப்பாசி. சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள அந்தச் செல்லில் இரண்டு கசையிழைகளும் கிண்ணம் போன்ற ஒரே ஒரு பசுங்கணிகமும் உண்டு. மாவுச்சத்து மணிகள் அந்தப் பசுங்கணிகத்துக்குள்தான் உருவாகின்றன. பைரினாய்டு என்ற உருண்டையைச் சுற்றித் தகடுகளாகவும், அதற்கு வெளியே தனி மணிகளாகவும் அவை இருக்கும். நைட்ரஜன் தீர்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திவிடுகிறது. ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கார்பனைப் புரதமாக்க வழியில்லாததால் முதலில் மாவுச்சத்தாகவும், பின்னர் எண்ணெயாகவும் சேமிக்கிறது. இது ஒருமடியச் செல். ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான் இருப்பதால், அதில் பழுது வந்தால் மறைத்து நிற்க இன்னொன்று கிடையாது. விளைவு உடனே வெளியே தெரிந்துவிடும். மரபியலாளருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது பிரான்சின் லில் நகரில் ஸ்டீவன் பால் நடத்திய ஆய்வுக்குழு. 1990களில் அவர்கள் அயோடின் நிறத்தை வைத்தே குறைபாடுள்ள பாசிகளைப் பிரித்தெடுத்து, எஸ்டிஏ என்ற பெயரில் மரபணுக்களை வரிசைப்படுத்தினார்கள். எஸ்டிஏ1, எஸ்டிஏ6 ஆகியவை ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பரிலேஸ் என்ற நொதியின் பெரிய, சிறிய துணையலகுகளுக்கானவை. மாவுச்சத்துக்கான செங்கல்லைச் செய்வது இந்த நொதிதான். எஸ்டிஏ6 பழுதானால் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. எஸ்டிஏ1 பழுதானால், ஒளிச்சேர்க்கை நன்றாக நடக்கிறது என்று தெரிவிக்கும் பாஸ்போகிளிசரேட்டின் தூண்டுதலை நொதி உணர்வதில்லை. எஸ்டிஏ2, மணிக்குள் ஒட்டியிருந்து, அமைலோஸ் என்ற கிளைகள் மிகக் குறைந்த மாவுச்சத்து வகையைக் கட்டும் நொதிக்குரியது.

என்னை இன்றும் வியக்க வைப்பது எஸ்டிஏ7. அது தரும் ஐசோஅமைலேஸ் நொதியின் வேலை, மாவுச்சத்தின் குளுக்கோஸ் சங்கிலிகளில் முளைக்கும் கிளைகளை வெட்டுவது. வெட்டும் நொதி போய்விட்டால் மாவுச்சத்து கூடத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. மணியே உருவாவதில்லை. கிளைகள் கண்டபடி அடர்ந்து, விலங்குகள் சேமிக்கும் கிளைகோஜனைப் போல நீரில் கரையும் ஒரு பொருள் மட்டும் சிறிதளவு மிஞ்சுகிறது. இடம் தவறி முளைத்த கிளைகளைக் கழித்தால்தான் சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கப்பட்டுப் படிகமாக இறுகும் என்ற கருத்துக்கு 1996இல் வலுவான சான்றாக அமைந்தது இந்தப் பாசிதான். மக்காச்சோளத்தில் விதைகளை இனிப்பாக்கி, காய்ந்ததும் சுருங்கச் செய்யும் திடீர்மாற்றமும் இதே வகை நொதியில்தான் இருக்கிறது.

ஆகவே மஞ்சள் என்பது ஒரே செய்தி அல்ல. மாவுச்சத்து அறவே இல்லாதிருக்கலாம், வேறு பொருளாக மாறியிருக்கலாம், காலனி மெலிந்து சோர்ந்தும் இருக்கலாம். மாவுச்சத்தைச் சேர்க்கவைக்க நாங்கள் தரும் நைட்ரஜன் பட்டினியை அந்தக் காலனி இன்னும் முழுதாக உணராமலும் இருந்திருக்கலாம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்புத்திறன் தரும் டிஎன்ஏ துண்டைப் பாசியின் மரபணுத்தொகுதியில் ஆங்காங்கே செருகிப் பழுதுகளை உண்டாக்குவது எங்கள் வழக்கம். அப்படி ஒரு மஞ்சள் காலனி கிடைத்தது. செருகிய துண்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தோம். யாரும் பணி கண்டறியாத ஒரு மரபணுவின் நடுவில் இருந்தது. புதிய மாவுச்சத்து மரபணு என்று முடிவு கட்டி, பல மாதங்கள் அதன் புரதத்தைத் துரத்தினேன். இயல்பு வகையோடு கலப்புச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் கலப்புச் செய்து, ஒவ்வொரு கருமுட்டையிலிருந்தும் வந்த நான்கு வாரிசுகளைத் தனித்தனியே வளர்த்தேன். மருந்தைத் தாங்கிய வாரிசுகளில் சில அயோடினில் கறுத்தன. மருந்தைத் தாங்காதவற்றில் சில மஞ்சளாக நின்றன. நாங்கள் செருகிய துண்டுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பே இல்லை. உண்மையான பழுது அதே செல்லில் வேறெங்கோ நேர்ந்திருந்தது. சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடிய ஒரு சோதனையை ஒத்திவைத்ததற்கு நான் கொடுத்த விலை அந்த மாதங்கள்.

இன்னொரு தவறு தாய் வகையின், அதாவது பழுதை உண்டாக்க நாம் எடுத்துக்கொண்ட மூலப் பாசியின், வரலாற்றை அறியாததால் நேர்வது. இன்று ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கிளாமிடோமோனாஸ் வகைகளில் மிகப் பெரும்பாலானவை, 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து கில்பர்ட் ஸ்மித் பிரித்தெடுத்த பாசியின் வழிவந்தவை. (மாவுச்சத்தின் கதை கிழங்கு வயலில் தொடங்கியது ஓர் அழகான தற்செயல்.) அவற்றுள் பல வகைகளில் நிட்1, நிட்2 என்ற இரு மரபணுக்களும் பழுது. அதனால் அவற்றால் நைட்ரேட்டை உண்ண முடியாது; அம்மோனியம்தான் வேண்டும். ஒருமுறை எங்கள் மாணவர் ஒருவர் நைட்ரேட் ஊடகத்தில் இவற்றை வளர்த்துவிட்டு, செல் கொள்ளாத அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது என்று மகிழ்ந்து வந்தார். பாவம், அந்தப் பாசி முதல் நாளிலிருந்தே பட்டினியில் கிடந்திருக்கிறது. மரபணு எதுவும் அங்கே புதிதாக மாறியிருக்கவில்லை. 2015இல் பல ஆய்வக வகைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, சிலவற்றின் உண்மையான வம்சாவளி குறிப்பேடுகளில் இருந்ததோடு ஒத்துவரவில்லை என்பதும் தெரிந்தது. சேகரிப்பு மையத்திலிருந்து வந்த குழாயில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து ஒப்பீடு செய்யாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

எண்ணெய்க் கனவு எழுந்த இடமும் இதுவே. மாவுச்சத்துக்குப் போகும் கார்பனை அடைத்துவிட்டால் அது எண்ணெயாகத் திரும்பும் என்ற எண்ணம் எளிமையானது, ஈர்ப்பானது. எஸ்டிஏ6 பழுதான பாசி பட்டினியில் கிடக்கும்போது எண்ணெய்த் துளிகளால் பருத்துவிடுவதை 2009, 2010 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின. அவை நேர்மையான ஆய்வுகள். ஆனால் 2011இல் வேறொரு குழு, மாவுச்சத்தில் எந்தப் பழுதும் இல்லாத வழக்கமான ஆய்வக வகைகளுக்கு இடையிலேயே எண்ணெயின் அளவு பெரிதும் மாறுபடுவதைக் காட்டியது. அப்படியானால் எஸ்டிஏ6 இல்லாத பாசியை எந்தப் பாசியோடு ஒப்பிடுவது? அதன் நேரடித் தாய் வகையோடும், அதே பாசிக்குள் எஸ்டிஏ6 மரபணுவைத் திரும்ப வைத்து உருவாக்கிய வகையோடும்தான். வேறெந்த ஒப்பீட்டின் மேலும் ஒரு தொழிலை எழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அளவிடும் முறையும் ஏமாற்றும். பட்டினியில் செல் பிரிவது நின்று உடல் பெருப்பதால், 'ஒரு செல்லுக்கு இவ்வளவு' என்று கணக்கிட்டால் எண்ணிக்கை தானாகவே ஏறிவிடும். ஊடகத்தில் பாசிக்குக் கார்பன் உணவாகும் அசிட்டேட் இருந்ததா, இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறும். உலர் எடை, செல் எண்ணிக்கை, வளர்ப்பின் கொள்ளளவு மூன்றையும் சேர்த்துத் தராத அறிக்கையை நான் இரண்டு முறை படிப்பேன். அதோடு, மாவுச்சத்து பாசிக்கு வீண் சுமையல்ல. பகலில் சேர்த்ததை இரவில் உடைத்துத்தான் செல் உயிர் நடத்துகிறது. ஆஸ்ட்ரியோகாக்கஸ் டாரி என்னும் மிகச்சிறிய பச்சைப்பாசியின் ஒரே பசுங்கணிகத்தில் ஒரே ஒரு மாவுச்சத்து மணிதான் இருக்கிறது. செல் பிரியும்போது அந்த மணியும் இரண்டாகப் பிரிந்து இரு சேய்களுக்கும் போய்ச் சேருகிறது. அத்தனை கவனத்தோடு கைமாற்றப்படும் ஒன்றை அடைத்துவிட்டால் செல் வேறிடத்தில் எதையும் இழக்காது என்று எப்படி எதிர்பார்ப்பது?

இப்போது என்னிடம் மஞ்சள் காலனி ஒன்று வந்தால் முதலில் கலப்பு, பிறகுதான் மற்றவை. பழுதும் நிறமும் சேர்ந்தே வாரிசுகளுக்குப் போகின்றன என்று உறுதியானதும், நல்ல மரபணுவைத் திரும்ப உள்ளே வைப்போம். இங்கே ஓர் எச்சரிக்கை: வெளியிலிருந்து செலுத்தும் மரபணுக்களைக் கிளாமிடோமோனாஸ் அடிக்கடி செயல்பட விடாமல் வாயடைத்துவிடும். மரபணுவை ஏற்ற காலனிகளில் பல மஞ்சளாகவே நின்றால் மனம் தளர வேண்டாம். நிறையக் காலனிகளை எடுத்துத் தட்டில் வரிசையாகப் புள்ளி வையுங்கள், ஓரத்தில் தாய் வகையையும் பழுதுள்ள வகையையும் வைக்க மறக்காதீர்கள். சென்ற முறை எங்கள் தட்டில் பெரும்பாலானவை மஞ்சளாகத்தான் இருந்தன. நடுவில் நான்கு புள்ளிகள் மட்டும், ஓரத்திலிருந்த தாய் வகையைப் போலவே, மெல்லக் கறுத்தன. அயோடின் நிறம் நெடுநேரம் நிற்காது என்பதால் உடனே படம் எடுத்துவிட்டு, அந்த நான்கின் அயோடின் படாத நகல்களைத் தேடி எடுத்தோம்.